எக்மோ: நீங்கள் கேட்டவை

2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் இதயம் நின்றபோது ‘எக்மோ’ என்ற சொல், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்கே திருப்பி அனுப்பும் மெஷினின் பெயர், முதல்முறையாக நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. மறுநாள் இரவு அவர் மறைந்தார். 2020இல் எஸ்.பி.பி. ஒரு மாதத்துக்கும் மேல் எக்மோவில் இருந்து, செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு எக்மோ என்றாலே கடைசிக் கட்டம் என்று மனதில் பதிந்துவிட்டது. எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் பயத்திலிருந்து பிறந்தவைதான். நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது இந்த மெஷினை ஓட்டுபவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணன் ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருக்கிறார். இப்போது எக்மோவும் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் எதற்கு? (மதுரை வாசகர்)

வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும், அவ்வளவுதான். அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து ரத்தத்தில் சேர்க்க வேண்டியது நுரையீரல். நிமோனியா முற்றி நுரையீரல் தண்ணீரில் நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டால், எவ்வளவு காற்றைத் தள்ளினாலும் பயனில்லை. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் நல்ல பகுதியும் கெடும்.

எக்மோ நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக்குழாயில் விரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவான ட்யூப் ஒன்றை வைத்து, ரத்தத்தை வெளியே இழுப்போம். அது ஆக்சிஜனேட்டர் என்ற பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். இழைக்குள்ளே வாயு ஓடும், வெளியே ரத்தம் ஓடும். அங்கேயே கார்பன் டை ஆக்சைடு கழிந்து, ஆக்சிஜன் ஏறி, சூடும் சரிசெய்யப்பட்டு ரத்தம் இன்னொரு ட்யூப் வழியாக உடம்புக்குத் திரும்பும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ஓடும். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வென்டிலேட்டரை எடுத்துவிட மாட்டார்கள். அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். பார்க்கப் போகும்போது இரண்டு ட்யூப்களையும் கவனியுங்கள். வெளியே வருவது கருஞ்சிவப்பாகவும், உள்ளே போவது செம்பருத்திச் சிவப்பாகவும் இருக்கும். நிறம் மாறினால் நீங்கள் சொல்வதற்கு முன்பே நர்ஸ் ஓடிவந்திருப்பார்.

டாக்டர்கள் ‘வி.வி.’, ‘வி.ஏ.’ என்று பேசிக்கொள்கிறார்கள். என்ன அது?

நுரையீரல் மட்டும் கெட்டு, இதயம் நன்றாக இருந்தால் ரத்தத்தைச் சிரையிலிருந்து (வெய்ன்) எடுத்து, திரும்பச் சிரையிலேயே விடுவோம். அது வி.வி. அதை உடம்பெங்கும் அனுப்பும் வேலையை இதயமே பார்த்துக்கொள்ளும். இதயமே ஓய்ந்துவிட்டால் சிரையிலிருந்து எடுத்து நேராகத் தமனிக்குள் (ஆர்ட்டரி) தள்ள வேண்டும். அது வி.ஏ. மெஷின் இரண்டு வேலையையும் செய்கிறது.

இரண்டில் வி.ஏ.தான் எங்களைத் தூங்கவிடாதது. தொடைத் தமனி வழியாக நாங்கள் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறோம். ஓய்ந்துபோன இதயமோ அதை எதிர்த்துக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். முடியாமல் இதயம் ஊதிப்போகலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அப்போது இதயத்தின் பளுவைக் குறைக்க பலூன் பம்ப் மாதிரி இன்னொரு கருவியும் தேவைப்படும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இதயம் தேறி நுரையீரல் தேறாமல் இருந்தால், இதயம் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை மூளைக்கும் கைக்கும் அனுப்பும். இடுப்புக்குக் கீழே மெஷினின் நல்ல ரத்தம் ஓடும். ஆள் மேலே நீலம், கீழே சிவப்பு! அதனால்தான் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை வலது கை விரலில் மாட்டச் சொல்கிறோம். இதயத்திலிருந்து புறப்படும் ரத்தம் முதலில் எட்டும் கை அது. கால் விரலில் மாட்டினால் எல்லாம் சரியாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

அப்பா கண் திறந்து பார்க்கிறார். ஆனால் மானிட்டரில் ரத்த அழுத்தக் கோடு நேராக இருக்கிறது. நாடியும் கிடைக்கவில்லை. (திருச்சி வாசகி)

வி.ஏ. எக்மோ என்றால் பயப்படாதீர்கள். எங்கள் பம்ப் இதயம் மாதிரி துடிப்பதில்லை, சுழன்று ஒரே சீராகத் தள்ளுகிறது. இதயம் தேறத் தேற அந்தக் கோட்டில் சின்னச் சின்ன மேடு எழும். நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த மேட்டைத்தான்.

பைபாஸ் ஆபரேஷனில் வைக்கும் மெஷினும் இதுவும் ஒன்றா?

பங்காளிகள் என்று சொல்லலாம். பைபாஸில் வைப்பது ஹார்ட்-லங் மெஷின். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் அதன் துணையோடு 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். அந்த மெஷின் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ரத்தம் நேரடியாக வாயுவோடு உரசியதால் ரத்த அணுக்கள் சிதைந்தன. இடையில் ஒரு சவ்வை வைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நாள்கணக்கில் ஓட்ட முடிந்தது. 1971இல் கலிபோர்னியாவில் விபத்தில் அடிபட்ட இளைஞர் ஒருவர் 75 மணி நேரம் மெஷினில் இருந்து பிழைத்தார். 1975இல் ராபர்ட் பார்ட்லெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு பச்சிளங்குழந்தையைக் காப்பாற்றினார். நர்ஸுகள் அந்தப் பெண் குழந்தைக்கு எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்.

பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?

எல்லோரும் கேட்பது. ஒரே எண்ணைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எக்மோ எந்த நோயையும் குணப்படுத்தாது. அது நேரத்தை மட்டும் வாங்கித் தரும். எதற்கான நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வைரஸால் வீங்கிய இதயம், கடும் ஃப்ளூ நிமோனியா, தாயின் வயிற்றுக்குள்ளேயே கழித்த மலம் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தை: இவையெல்லாம் நேரம் கொடுத்தால் ஆறக்கூடியவை. பச்சிளங்குழந்தைகளில் நல்ல பலன் கிடைப்பது இதனால்தான். பரவிவிட்ட புற்றுநோய், திரும்ப முடியாத மூளைச் சேதம் போன்றவற்றுக்கு நேரம் வாங்கி என்ன பயன்?

ஆய்வுகளும் தலைக்கு ஒரு பேச்சாகத்தான் இருக்கின்றன. 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் கடும் நுரையீரல் செயலிழப்பு கொண்ட 180 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குப் பிறகு பெரிய ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 47 சதவீதம். ஆனால் அந்த மையத்துக்கு அனுப்பப்பட்ட 90 பேரில் 68 பேருக்குத்தான் எக்மோவே போடப்பட்டது. கைதேர்ந்த இடத்துக்குப் போனதிலேயே பாதிப் பலன் இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. மாரடைப்பால் இதயம் ஓய்ந்தவர்களுக்கு உடனே வி.ஏ. போட்டுப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஜெர்மன் தலைமையிலான ஆய்வில் 30 நாள் கணக்கில் வித்தியாசமே இல்லை. எக்மோ போட்டவர்களில் இறந்தவர்கள் 47.8 சதவீதம், போடாதவர்களில் 49.

ஆகவே டாக்டரிடம் சதவீதம் கேட்காதீர்கள். “எது ஆறுவதற்காகக் காத்திருக்கிறோம்? ஆறாவிட்டால் அடுத்து என்ன, மாற்று உறுப்பா? எத்தனை நாளில் திரும்ப யோசிப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு எத்தனை எக்மோ நடக்கிறது என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இறந்தவரையே பணத்துக்காக எக்மோவில் வைத்திருப்பார்களாமே?

வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும் சந்தேகம். அதன் வேர் புரிகிறது. வி.ஏ. எக்மோவில் இதயம் நின்றிருக்கும்போதும் ஆள் உயிரோடு இருக்க முடியும். அதனால் “இதயம் துடிக்கவில்லையே, பிறகென்ன உயிர்?” என்று தோன்றுகிறது. கேட்க வேண்டியது மூளையைப் பற்றி. மருந்து மயக்கத்தைக் குறைத்துக் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, வலிக்கு அசைகிறாரா என்று பார்த்தார்களா? ஸ்கேன் எடுத்தார்களா? மூளைத்தண்டு இறந்துவிட்டால் எக்மோவால் எதுவும் ஆகாது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி அதை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். இந்த விவரங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செலவு?

லட்சங்களில். ட்யூபும் ஆக்சிஜனேட்டரும் சேர்ந்த ஒருமுறை பயன்படுத்தும் செட்டுக்கே பெரும் தொகை, பிறகு ஒவ்வொரு நாளும் தனி. எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், இன்சூரன்ஸ்காரரிடம் முதல் நாளே பேசுங்கள்.

மூக்கிலும் ட்யூப் வைத்த இடத்திலும் ரத்தம் கசிகிறது. ஏதாவது தவறா?

பெரும்பாலும் இல்லை. பிளாஸ்டிக்கைத் தொட்டால் ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். அதிகமானால் கசியும், குறைந்தால் ஆக்சிஜனேட்டர் அடைபடும். நாள் முழுக்க இந்தக் கயிற்றின் மேல்தான் நடக்கிறோம். எல்லோரும் பயப்படுவது மூளைக்குள் கசிவதை.

எக்மோவிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன கவனிக்க வேண்டும்? (கோவை)

மகிழ்ச்சி! தசைகள் கரைந்திருக்கும், மாடிப்படி மலையாகத் தெரியும், கெட்ட கனவுகள் வரும். பிசியோதெரபியை மாதக்கணக்கில் விடாதீர்கள். ட்யூப் இருந்த காலில் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ தெரிந்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். அங்கே ரத்தம் கட்டியிருக்க வாய்ப்புண்டு, உருவினால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.