காவ்ஃபூ வீட்டில் செய்வது எப்படி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, ஷாங்காய் சைவ உணவகத்தில் சாப்பிட்ட காவ்ஃபூ (பொங்கவிட்ட கோதுமைப் புரதத்தைச் சோயா சாஸில் சுண்டவைக்கும் சீன உணவு) சாறு ஊறிப் பஞ்சு மாதிரி இருந்தது. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவி நான் செய்தால் ரப்பராக வருகிறது. ஏன்?

பதில்: மாவைக் கழுவினால் கிடைப்பது வெறும் கோதுமைப் புரதம், அதை அப்படியே வேகவைத்தால் இறுகத்தான் செய்யும். காவ்ஃபூவுக்கு அதை ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட வேண்டும், உள்ளே வரும் ஓட்டைகள்தான் சாற்றைக் குடிக்கின்றன. கையால் கழுவிய உருண்டையில் ஈஸ்ட் சீராகக் கலப்பது கஷ்டம் என்பதால் குளூட்டன் பவுடர் (அதே கோதுமைப் புரதம், பொடியாக) வாங்கிக்கொள்ளுங்கள். 150 கிராம் பவுடர், 50 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், சுமார் 200 மில்லி தண்ணீர். பிசைந்து, இரண்டு மடங்காகும் வரை மூடி வைத்து, அரை மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். ஆறியதும் கையால் பிய்க்க வேண்டும், கத்தி வேண்டாம், பிய்த்த இடம் சொரசொரப்பாக இருந்தால்தான் சாறு நன்றாக ஏறும். அப்புறம் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து ஒட்டப் பிழிந்து (மாவு வாடை இதில்தான் போகும்) பொன்னிறமாகப் பொரியுங்கள். பொரிக்காமல் விட்டால் குழம்பில் குழைந்துவிடும்.

கேள்வி: பூண்டு, வெங்காயம்?

பதில்: வேண்டாம். சீனப் பௌத்த சமையலில் இரண்டையும் விலக்குவார்கள். இஞ்சி, ஒரு அன்னாசிப்பூ, உலர்ந்த ஷிடாகே காளான் ஊறிய தண்ணீர் போதும். அந்தத் தண்ணீரைத் தயவுசெய்து கொட்டாதீர்கள், பாதி ருசி அதில் இருக்கிறது.

கேள்வி: இதில் போடும் உலர்ந்த லில்லி மொக்கு கிடைக்கவில்லை. தோட்டத்து லில்லி போடலாமா?

பதில்: கூடவே கூடாது, பல லில்லி வகைகள் நஞ்சு. கடையில் விற்கும் உலர்ந்த மொக்கு இல்லையென்றால் விட்டுவிட்டு, வேர்க்கடலையும் கறுப்புக் காளானும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.

கேள்வி: சர்க்கரை எவ்வளவு? என்னுடையது உப்பாகவே இருக்கிறது.

பதில்: இந்த அளவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒன்று டார்க் சோயா சாஸ், இரண்டரை சர்க்கரை. நிறைய என்று தோன்றும், ஆனால் ஷாங்காய் சமையல் இனிப்புப் பக்கம்தான். பொரித்த துண்டுகளோடு இதெல்லாம் சேர்த்து, மூழ்கத் தண்ணீர் விட்டு 25 நிமிடம் மெல்லிய தீயில் சுண்டவிட்டு, கடைசியில் எள்ளெண்ணெய், நம் நல்லெண்ணெய் இல்லை, வறுத்த எள்ளில் ஆட்டியது. சூடாகச் சாப்பிட்டுவிட்டு ருசியில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு இரவு ஃபிரிட்ஜில் ஊறட்டும், அங்கே குளிர்ச்சியாகத்தான் பரிமாறுகிறார்கள்.

கேள்வி: மீல் மேக்கரில் செய்தால்?

பதில்: சாப்பிடலாம், ஆனால் அது நார்நாராக இருக்கும், சோயா வாடையும் போகாது. காவ்ஃபூ ஆகாது.

கேள்வி: ஷாங்காய் போகிறேன், எங்கே சாப்பிடலாம்?

பதில்: கோங்தலின். 1922ல் தொடங்கிய சைவ உணவகம். அங்கே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து செய்தால் பதம் பிடிபடும்.

கேள்வி: மாவு கழுவிய தண்ணீரை என்ன செய்வது?

பதில்: சில மணி நேரம் தெளியவிட்டு மேல்நீரை ஊற்றிவிடுங்கள். அடியில் தங்கும் மாவுப்பாலைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, ஆறியதும் நாடாவாக வெட்டி, மிளகாய் எண்ணெயும் வினிகரும் சேர்த்தால் லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸ். சீனாவின் ஷான்ஷி (Shaanxi) மாகாணத்தில் வெயில் காலத்துக்கு இதுதான்.