நாள் குறித்துவிட்டு ஜீரோ வாங்குங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியப் போர்விமானமான ஜீரோவை வைத்து டையோரமா, அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் அமைக்கும் மாதிரி, செய்ய நினைக்கும் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஒன்றுக்குப் பதில் நீண்டுவிட்டது. மற்றவை சுருக்கம்.

கேள்வி: 1942 ஏப்ரலில் எங்கள் ஊரைத் தாக்கிய ஜீரோ விமானம், விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் புறப்படத் தயாராக நிற்பதுபோல் ஒரு டையோரமா செய்ய ஆசை. கடையில் 1/48 அளவில் (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு), பாகங்களை நாமே ஒட்டிச் செய்யும் பச்சை நிற ஜீரோ கிட் ஒன்று இருக்கிறது, பெட்டிப் படமே ஆளை இழுக்கிறது. அதை வாங்கலாமா? வேறு என்னென்ன தேவைப்படும்? காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் கட்டாயமா?
– திருகோணமலை வாசகர்

பதில்: அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நல்ல கிட்டாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் காட்சிக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது. பச்சை முதுகோடு பெட்டியில் பறக்கும் ஜீரோ பெரும்பாலும் ஏ6எம்5, அதாவது மாடல் 52. அது படைக்கு வந்ததே 1943இன் பிற்பகுதியில். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்புக்கும் 9 அன்று திருகோணமலைக்கும் வந்தவை ஏ6எம்2, மாடல் 21. அவற்றுக்குப் பச்சை கிடையாது, உடல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். இறக்கையின் நீளமே வேறு: மாடல் 21க்கு 12 மீட்டர், மாடல் 52க்கு 11 மீட்டர். 21இன் இறக்கை நுனிகள் கப்பலின் லிஃப்டில் அடங்குவதற்காக மடங்கும், 52இல் அந்த மடிப்பையே எடுத்துவிட்டார்கள். ஆகவே பச்சையை மறைத்துச் சாம்பல் பூசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நானே ஒருமுறை 1941இன் பெர்ல் துறைமுகக் காட்சிக்கு மாடல் 52ஐ வாங்கி, காக்பிட் வரை ஒட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

டையோரமா செய்பவர் முதலில் நாள் குறிக்க வேண்டும். எந்த மாதம், எந்தக் கப்பல் அல்லது எந்த விமானத்தளம் என்று முடிவானால் வாங்க வேண்டிய பட்டியலில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும். நீங்கள் தெரிந்தோ தெரியாமலோ நாளைக் குறித்தேவிட்டீர்கள், அதனால் வேலை சுலபம்.

1/48இல் மாடல் 21 வேண்டுமென்றால் எடுவார்ட் நிறுவனம் 2021இல் புதிதாக அச்சு எடுத்து வெளியிட்டது இருக்கிறது. ஹாசெகாவாவும் அகாடமியும் போடுகின்றன. டாமியாவின் 1/48 மாடல் 52 அருமையான கிட், 2008இல் வந்தது. ஆனால் அதே அளவில் அவர்களுடைய மாடல் 21 1970களின் அச்சு. பெயரைப் பார்த்து இரண்டும் ஒரே தரம் என்று எண்ணிவிட வேண்டாம். மாடல் உலகில் அச்சு ஒருமுறை வெட்டினால் பல பத்தாண்டுகள் ஓடும், பெட்டி மட்டும் புதுசாகும். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அச்சு எந்த வருடத்தது, யாருடைய அச்சை யார் மறுபடி பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று வரைபடமாகவே காட்டும். பணம் கட்டும் முன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள்.

டிகாலையும் பாருங்கள். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அந்தப் படங்களில் எந்தக் கப்பலின் குறிகள் இருக்கின்றன? உடலின் பின்பகுதியில் சுற்றிவரும் பட்டைதான் அடையாளம். அகாகிக்கு ஒற்றைச் சிவப்பு, சோர்யுவுக்கு ஒற்றை நீலம், ஹிர்யுவுக்கு இரட்டை நீலம், ஷோகாகுவுக்கு ஒற்றை வெள்ளை, சுயிகாகுவுக்கு இரட்டை வெள்ளை. இந்த ஐந்தும்தான் இலங்கைப் பக்கம் வந்தவை. இரட்டைச் சிவப்பு என்றால் அது காகா. பெர்ல் துறைமுகத்துக்குப் போன கப்பல்தான், ஆனால் பலாவ் அருகே பாறையில் தட்டி, பழுதுபார்க்க ஜப்பானுக்குத் திரும்பிவிட்டதால் இந்தப் பயணத்தில் இல்லை. பெர்ல் துறைமுகப் பதிப்பு என்று விற்கும் பெட்டிகளில் காகா டிகால் மட்டும் இருந்தால் உங்களுக்கு உதவாது.

இப்போது ஏர்பிரஷ். மாடல் 21 ஒரே நிற விமானம் என்பது உங்கள் பாக்கெட்டுக்குக் கிடைத்த வரம். டாமியாவின் ஸ்ப்ரே டின்களில் ஏஎஸ்-29 என்பது இந்தச் சாம்பல்பச்சைக்காகவே வந்தது. ஒரு டின் போதும். எஞ்சினைச் சுற்றிய மூடி மட்டும் நீலம் கலந்த கறுப்பு, அதைத் தூரிகையாலேயே பூசலாம். கம்ப்ரசர், ஏர்பிரஷ் என்று கிட்டைப்போல் பல மடங்கு செலவு செய்வதை இரண்டாவது, மூன்றாவது மாடலுக்குத் தள்ளிப் போடுங்கள். ஸ்ப்ரேயை அறைக்குள் அடிக்க வேண்டாம். மொட்டைமாடி, முகமூடி, காற்றில்லாத காலைநேரம். மழைக்காலத்தில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுத்துப்போகும், காத்திருங்கள்.

அந்தச் சாம்பல் சரியாக எந்தச் சாம்பல் என்று ஆர்வலர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியக் கடற்படையின் தொழில்நுட்பப் பிரிவு எழுதிய அறிக்கை ஒன்றே அதைச் சற்று ‘ஆமெ’ நிறம் சேர்ந்த சாம்பல் என்கிறது. ஆமெ என்றால் அவர்கள் ஊர் மிட்டாய், அதாவது லேசான பாகு நிறம். சர்ச்சை தீராத நிலையில் டாமியா எக்ஸ்எஃப்-76, மிஸ்டர் கலர் 128 போன்ற சாம்பல்பச்சைகள் உங்கள் வேலைக்குப் போதுமானவை. இதற்கு மேல் நிறம் தேடி நான்கு புட்டி வாங்குவது வீண்செலவு.

மற்றவை: பாகங்களை வெட்டியெடுக்க வாய் தட்டையான நிப்பர் ஒன்று, கத்தி, 400 முதல் 2000 வரை உப்புத்தாள், மெல்லிய பிளாஸ்டிக் பசை, 6 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப், டிகாலை இளக்கும் திரவம். இதில் நிப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமான நிப்பர் பாகத்தைச் சேர்த்துக் கடித்துவிடும்.

கடைசியில் கப்பல் தளம். 1/48இல் விமானம் 25 சென்டிமீட்டர் அகலம், 19 சென்டிமீட்டர் நீளம். ஏ4 தாள் அளவுப் பலகை போதாது, 35க்கு 30 எடுங்கள். கண்ணாடிப் பெட்டி செய்யக் கொடுப்பதானால் விமானத்தைப் பலகையில் வைத்து, ஆன்டெனாக் கம்பத்தின் உயரத்தையும் அளந்த பிறகு கொடுங்கள். ஜப்பானியக் கப்பல்களில் மேல்தளப் பலகைகள் கப்பலின் நீளவாக்கில் ஓடும், அமெரிக்கக் கப்பல்களில் குறுக்கே ஓடும். இது தெரியாமல் அமெரிக்கத் தளம் அச்சிட்ட ரெடிமேட் பலகையை வாங்கி, அதன்மேல் ஜீரோவை நிறுத்தியவர்கள் பலர். ஐஸ்குச்சியை ஒட்டலாமே என்பீர்கள். குச்சியின் அகலம் ஒரு சென்டிமீட்டர், 1/48 கணக்கில் அரை மீட்டர்ப் பலகை ஆகிவிடும். தச்சுப்பட்டறையில் கிடைக்கும் மெல்லிய வெனீரை நான்கு மில்லிமீட்டர்ப் பட்டையாக வெட்டிக்கொண்டால் செலவும் குறைவு, கண்ணுக்கும் சரியாக இருக்கும். புறப்படும் நேரம் என்பதால் இறக்கை நுனி விரிந்தே இருக்கட்டும். வயிற்றில் 330 லிட்டர்க் கூடுதல் எரிபொருள் தொட்டியை மறக்காமல் மாட்டுங்கள்.

கேள்வி: டாமியாவின் 1/32 ஜீரோவை ஜப்பானியக் கடையிலிருந்து நேராக வரவழைத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும்போல் தெரிகிறது. சென்னையில் வாங்குவதைவிட லாபம்தானே? பெயின்டையும் சேர்த்தே ஆர்டர் செய்யலாமா?
– சென்னை வாசகர்

பதில்: திரையில் தெரியும் விலை பாதிக் கதைதான். 1/32 பெட்டி எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்காரர்கள் பெட்டியின் கொள்ளளவை எடையாக மாற்றித்தான் கட்டணம் போடுவார்கள். அப்புறம் சுங்கம். ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு சேர்த்து 9503 என்ற தலைப்பில்தான் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. நாற்பது வயதுக்காரரின் பொழுதுபோக்கு என்று வாதாடிப் பயனில்லை. வரி கிட்டின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த மதிப்புக்கு. பார்சலை எந்தத் தலைப்பில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும், ஆகவே கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க் கடைக்காரர் அவ்வளவு கொள்ளைக்காரர் இல்லை என்று தோன்றலாம். பெட்டியில் பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் பார்சலும் போகும், உடைந்து வந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான்.

பெயின்ட் வேண்டாம். லாக்கர் வகைப் பெயின்ட், ஸ்ப்ரே டின் எல்லாம் தீப்பற்றும் பொருள், விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். அதை இங்கேயே வாங்குங்கள்.

கேள்வி: ஜீரோவுக்கென்று பித்தளைத் தகடு பாகங்கள், ரெசின் எஞ்சின், உலோகச் சக்கரத்தண்டு என்று விற்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் கிட் விலையைத் தாண்டுகிறது. தேவையா?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் காசு கொடுங்கள். மூடியைத் திறந்து காட்டப் போவதில்லை என்றால் ரெசின் எஞ்சின் வேண்டவே வேண்டாம். ஜீரோவின் சகாயே எஞ்சினின் பதினான்கு சிலிண்டரில் முன்வரிசைதான் விசிறிக்குப் பின்னால் கொஞ்சம் தெரியும். காக்பிட்டைத் திறந்து வைப்பதாக இருந்தால் இருக்கைப் பட்டைகள் வாங்கலாம், துளை போட்ட அந்த மெல்லிய இருக்கையின் அழகே தனி. நான் கண்டிப்பாக வாங்கச் சொல்வது ஒன்றுதான்: பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்க, அளவாக முன்வெட்டிய மாஸ்க். ஜீரோவின் காக்பிட் கண்ணாடிக் கூண்டில் அத்தனை சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் டேப் வெட்டி ஒட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. எடுவார்டின் ப்ரொஃபிபேக் பெட்டியில் மாஸ்க்கும் பித்தளைத் தகடும் உள்ளேயே வரும், தனியாக வாங்கும் முன் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டெனாக் கம்பிக்குச் செலவே வேண்டாம். பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் தலைமுடிபோல் நூல் வரும்.

கேள்வி: பெயின்ட் உரிந்து அலுமினியம் பளபளப்பதுபோல் காட்ட ஒரு ‘சிப்பிங்’ செட் வாங்க நினைக்கிறேன். பரிந்துரைப்பீர்களா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: எந்த விமானம் என்று நீங்கள் எழுதவில்லையே! போர்க் கடைசியில் ஜப்பானியத் தரைப்படையின் கி-61 போர்விமானம் போன்றவை என்றால் சரி. வெறும் அலுமினியத்தின் மேல் நேராகப் பச்சை அடித்தார்கள், அது தோல் உரிவதுபோல் உரிந்தது. 1942இன் கப்பல் ஜீரோ அப்படியில்லை. நன்றாகப் பூசி, லேசாகப் பளபளக்கும் பரப்பு அது. காக்பிட் ஏறும் இடத்தில் இரண்டு மூன்று கீறல் போதும், அதற்கு வெள்ளிப் பென்சில் ஒன்று இருந்தால் ஆயிற்று. கோடுகளில் இறக்கும் கறுப்பு எனாமல் வாஷ் வாங்குவதானால், முதலில் நிறமற்ற கிளியர் கோட் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால் வெடிப்பு விடும். என் ஜீரோ ஒன்று அப்படித்தான் இரவோடு இரவாகக் கால் ஒடிந்து உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிட்டில் கண்ணாடி மூடியைக் காணோம். விற்றவர் ‘பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது’ என்கிறார்.
– மதுரை வாசகர்

பதில்: திறக்காமல் காணவில்லை என்று எப்படித் தெரியும் என்று அவரையே கேளுங்கள். குறை உள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2020இன் மின்வணிக விதிகளுக்கு முரண். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதற்கிடையில் செய்முறைத் தாளின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் தாள்களில் உதிரிபாக எண்கள் இருக்கும், பாகங்கள் கோத்த பிளாஸ்டிக் சட்டங்களைத் தனித்தனியே விற்பார்கள். அடுத்தமுறை பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அன்றைக்கே சட்டங்களை எண்ணிவிடுங்கள். கிட்டை வாங்கி இரண்டு வருடம் அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டு ஆறஅமரத் திறக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டே, அதற்கு எந்த விதியும் துணைக்கு வராது.