கேசட் காலத்துக் காரில் கைபேசிப் பாட்டு: கேள்வி பதில்

கார் ஸ்டீரியோக்களைக் கழற்றிப் பழுது பார்ப்பது 26 ஆண்டுகளாக என் தொழில். இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன: கார் பழையது, செட் பழையது, பாட்டோ கைபேசியில் இருக்கிறது. "செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொடுதிரை வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் கடைகளில் கிடைக்கும் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கும் செட்டைப் பாட்டு உள்ளே போக வழியில்லை என்பதற்காக மட்டும் எறிவது வீண். எந்தச் செட்டிலும் பாட்டு நுழைய ஏதோ ஒரு வாசல் இருக்கும். எந்த வாசல் என்பதுதான் கேள்வி.

கேள்வி (மதுரை): ஐயா, எங்களிடம் 1998ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. அப்பா அப்போதே பொருத்திய கேசட் செட் இன்னும் ஓடுகிறது. ஆக்ஸ் துளையும் (வெளிக் கருவியின் ஒலி ஒயரைச் செருகும் இடம்) இல்லை, யு.எஸ்.பி.யும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கேசட் ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வாசல் அந்தக் கேசட் துளைதான். கேசட் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பார்க்கக் கேசட் போலவே இருக்கும், ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வெளியே வரும். உள்ளே நாடா கிடையாது. நாடா ஓட வேண்டிய இடத்தில், டெக்கில் (கேசட்டை ஓட்டும் பகுதி) நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்கு நேர் எதிரே இன்னொரு சிறிய ஹெட் இருக்கும். கைபேசியிலிருந்து வரும் ஒலி மின்னோட்டமாக அதில் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. நாடாவில் பதிந்த காந்தத்தைப் படிப்பது போலவே டெக் அதையும் படித்துவிடுகிறது. இடையில் வானொலி அலை எதுவும் இல்லாததால் வானொலி இரைச்சலும் இல்லை.

ஆனால் அடாப்டரைச் செருகும் முன் ஹெட்டைத் துடையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, பிறகு அடாப்டரைத் திட்டுகிறார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, செட்டை அணைத்துவிட்டு, கேசட் துளைக்குள் பளபளவென்று தெரியும் அந்தச் சிறிய உலோக முகத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். போன வாரம் வந்த ஒரு செட்டில் முதல் நான்கு குச்சிகளும் பழுப்பாகவே வெளியே வந்தன. பல ஆண்டுகளாக நாடாக்களிலிருந்து உதிர்ந்த தூள் அது. ஐந்தாவது குச்சி வெள்ளையாக வந்த பிறகு அடாப்டரைப் போட்டேன். செட்டின் சொந்தக்காரர் இடது ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று சொல்லித்தான் காரைக் கொண்டுவந்திருந்தார். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை, ஹெட்டின் ஒரு பாதி அழுக்கில் மூடிக் கிடந்தது. பக்கத்தில் இருக்கும் ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து வெடிக்கும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

கேள்வி (திருச்சி): அண்ணா, கேசட் அடாப்டர் வாங்கிவிட்டேன். பாட்டு போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கிறது. சில நேரம் செட் தானாகவே பக்கம் மாற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல் போய்விடுகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு குறைகள், தம்பி.

போர்வைச் சத்தத்துக்கு முதலில் செட்டின் முகப்பைப் பாருங்கள். டால்பி என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அணையுங்கள். நாடாவின் உஸ் என்ற ஒலியைக் குறைப்பதற்காக மேல் சுருதியை அடக்குவது அதன் வேலை. உங்கள் கைபேசிப் பாட்டில் அந்த உஸ்ஸே இல்லை, ஆகவே அது பாட்டையே அடக்குகிறது. மெட்டல் என்று ஒரு பொத்தான் அழுந்தியிருந்தாலும் இதே மாதிரிதான் மங்கும், அதையும் விடுவியுங்கள்.

பக்கம் மாறுவது ஆட்டோ ரிவர்ஸ் டெக்கின் குணம். கேசட்டின் சக்கரங்கள் சுழல்வது நின்றால் நாடா முடிந்துவிட்டது என்று டெக் முடிவு செய்து மறுபக்கம் திரும்பும். அடாப்டருக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் இரண்டு பக்கத்தையும் சுழல வைத்து இதைத் தடுக்கின்றன. அவை இறுகினால் டெக் ஏமாறாது. கூட்டின் திருகுகளைக் கழற்றி, அச்சுகளில் சிலிக்கான் கிரீஸ் பொட்டு அளவு வைத்துப் பாருங்கள், கடகட சத்தமும் குறையும். மறுபக்கம் திரும்பிவிட்டால் ஹெட் வேறு தடங்களைப் படிக்கத் தொடங்கும், அங்கே அடாப்டர் ஒன்றும் தருவதில்லை. திசைப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் பாட்டு திரும்பி வரும்.

கேள்வி (சென்னை): சிகரெட் லைட்டரில் செருகி, கைபேசிப் பாட்டைக் காரின் ரேடியோவுக்கு அலையாக அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். அண்ணா சாலையில் போகும்போது பாட்டின் நடுவே விளம்பரம் புகுந்துவிடுகிறது.

பதில்: சென்னையில் 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று நிலையங்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் டிரான்ஸ்மிட்டரின் சக்தி அவற்றின் முன் கொசு. வழி ஒன்றுதான்: இரண்டு பக்கமும் குறைந்தது 0.4 மெகாஹெர்ட்ஸ் வெறுமையாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ரேடியோவை மட்டும் மெதுவாக நகர்த்தி, வெறும் இரைச்சல் கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றை ரேடியோ பொத்தான்களில் பதிந்து வைத்தால் ஊர் தாண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

நீட்டி மடக்கும் ஆன்டெனா உள்ள காரா? அதை மடக்கிவிடுங்கள். வெளியே உள்ள நிலையங்கள் தளர்ந்துபோகும், காருக்குள்ளேயே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் கை ஓங்கும். கைபேசியின் ஒலியளவை முழுவதும் வைக்காமல் முக்கால் பங்கில் நிறுத்தினால் கரகரப்பும் போகும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வாசல்களில் இதுதான் கடைசி. எஃப்.எம். ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேல் உள்ள மெல்லிய ஜாலம் வராது. கேசட்டும் ஆக்ஸும் இல்லாத செட்டுக்குத்தான் இதைப் பரிந்துரைப்பேன். அப்போதும் ஆன்டெனா ஒயரிலேயே இணையும் மாடுலேட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது இயங்கும்போது ஆன்டெனாவை விலக்கிவிட்டு நேராக ஒயர் வழியே ஊட்டுவதால் நிலையங்கள் குறுக்கே வருவதில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய கார். வானொலி 76 முதல் 90 வரைதான் காட்டுகிறது. டிரான்ஸ்மிட்டரோ 87.5 முதல் 108 வரை. இரண்டும் பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஒரு சிறிய இடத்தில் மட்டும். ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76இல் தொடங்குகிறது, அந்தக் காலத்துச் செட்டுகள் 90இல் நின்றுவிடும். ஆகவே 87.5க்கும் 90க்கும் இடையில் இரண்டும் சந்திக்கின்றன. 88 அல்லது 89 பக்கம் வைத்துப் பாருங்கள்.

உள்ளூர் நிலையங்கள் கேட்பதற்காக ஆன்டெனா ஒயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறிய பெட்டியை ஏற்கெனவே பொருத்தியிருப்பார்கள். அது எல்லா அலைகளையும் ஒரே அளவு கீழே இறக்கும். 100இல் உள்ள நிலையம் உங்கள் செட்டில் 84இல் கேட்டால், இறக்கம் 16. 88இல் உள்ளூர் நிலையம் ஏதாவது வந்து உட்கார்ந்திருந்தால், டிரான்ஸ்மிட்டரை 99இல் வைத்து, வானொலியை 83இல் தேடுங்கள். இந்தக் கணக்கு தெரியாமல் நல்ல டிரான்ஸ்மிட்டரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

கேள்வி (கோவை): என் செட்டில் ஆக்ஸ் துளை இருக்கிறது. பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் கைபேசியைக் காரிலேயே சார்ஜ் போட்டால் கீச்சென்று ஒரு ஒலி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது.

பதில்: எஞ்சினோடு ஏறி இறங்கும் அந்தக் கீச்சு, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் குரல். கைபேசிக்கு இப்போது இரண்டு எர்த் பாதைகள் இருக்கின்றன: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னொன்று. காரின் உடலில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கும் சிறிய மின்னழுத்த வேறுபாடு பாட்டோடு கலந்து ஸ்பீக்கருக்கு வந்துவிடுகிறது.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கீச்சு உடனே நின்றால் நான் சொன்னதுதான். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேளுங்கள். ஆக்ஸ் ஒயரின் நடுவில் செருகும் கட்டைவிரல் அளவுப் பெட்டி, உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலி காந்தம் வழியாகக் கடந்துபோகும், எர்த் தொடர்பு அறுந்துவிடும். மிக மலிவானதை வாங்க வேண்டாம், தவில் ஒலி தகர டப்பா போல் ஆகிவிடும். அவசரத்துக்கு, கைபேசியைப் பவர் பேங்கில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்கலாம்.

சார்ஜரைப் பிடுங்கியும் கீச்சு நிற்கவில்லையா? அப்படியானால் செட்டின் சொந்த எர்த் ஒயரைப் பாருங்கள். ஒரு காரில் டேஷ்போர்டைக் கழற்றி அரை நாள் தேடினேன். கறுப்பு ஒயர் திருகப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் திருகு இறங்கியது பெயின்ட்டின் மேல். வளையத்தின் அடியில் துருவும் படிந்திருந்தது. உப்புத்தாள் வைத்து உலோகம் மின்னும் வரை தேய்த்துத் திரும்ப முடுக்கியதும் கீச்சு அடங்கியது. புதிய செட் வாங்கியிருந்தால் அதே கீச்சு அதிலும் வந்திருக்கும்.

கேள்வி (சேலம்): 2009இல் வாங்கிய செட், யு.எஸ்.பி. உண்டு. 64 ஜி.பி. பென் டிரைவைப் படிக்க மறுக்கிறது. 16 ஜி.பி. படிக்கிறது, ஆனால் பாட்டு வரிசை கலைந்துவிடுகிறது. தமிழில் உள்ள பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

பதில்: 64 ஜி.பி. டிரைவுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் இருக்கும். உங்கள் செட்டுக்குத் தெரிந்தது ஃபேட்32. 16 அல்லது 32 ஜி.பி. டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து பயன்படுத்துங்கள்.

வரிசை கலையவில்லை. அந்தச் செட் அகரவரிசை பார்ப்பதில்லை, எது முதலில் டிரைவில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடுகிறது. டிரைவைக் காலி செய்துவிட்டு, எந்த வரிசையில் கேட்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். தமிழ் எழுத்து அந்தச் செட்டுக்குள் இல்லவே இல்லை. பாட்டின் பெயரை ஆங்கில எழுத்துகளில் மாற்றுவது ஒன்றுதான் வழி, எனக்கும் அதில் வருத்தம்தான்.

எம்.பி.3 ஆக, 192 அல்லது 256 கே.பி.பி.எஸ். நிலையான வேகத்தில் மாற்றி ஏற்றுங்கள். ஃப்ளாக், எம்4ஏ போன்ற வேறு ஒலிக்கோப்பு வகைகளைப் பழைய செட்டுகள் பெரும்பாலும் தொடாது. பாட்டுச் செயலிகளில் சந்தா கட்டி இறக்கி வைத்த பாடல்களைப் பென் டிரைவில் போட முடியாது. அவை பூட்டிய கோப்புகள், அந்தச் செயலிக்கு வெளியே திறக்காது.

கேள்வி (நாகர்கோவில்): பழைய காரோடு வந்த சி.டி. செட். ஆக்ஸ் இல்லை. செட்டின் பின்னால் எதுவும் செருகாத ஒரு துளை இருக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார்.

பதில்: நல்ல சேதி! அது டிக்கியில் வைத்துப் பல சி.டி.களை மாற்றி மாற்றி ஓட்டும் சி.டி. சேஞ்சருக்கான துளையாக இருக்கலாம். சேஞ்சர் போல நடிக்கும் புளூடூத் அடாப்டர்கள் சில செட்டுகளுக்குக் கிடைக்கின்றன. வெறும் ஒலி ஒயரை மட்டும் இணைத்தால் பல செட்டுகள் கேட்காது, "சேஞ்சர் இருக்கிறேன்" என்ற சமிக்ஞையும் வேண்டும். செட்டின் மாடல் எண்ணைச் சொல்லி அதற்கென்றே உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி (கண்டி): தாத்தாவின் மோரிஸ் மைனர். உள்ளே அந்தக் காலத்து வானொலி, மத்திய அலை மட்டும். அதில் கைபேசிப் பாட்டு வர வேண்டும் என்பது ஆசை. சார்ஜரும் பொருத்தலாமா?

பதில்: சார்ஜரை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கருவிகள் எல்லாம் எதிர்முனை உடலோடு இருப்பதாக நம்பிச் செய்யப்பட்டவை. மாற்றிப் பொருத்தினால் கருவி எரியும், ஒயரும் எரியலாம்.

வானொலியை மாற்ற வேண்டாம். ஒலியளவுக் குமிழுக்கு வரும் ஒலியை அங்கேயே ஒரு சிறிய சுவிட்ச் வைத்துத் திருப்பி, கைபேசி ஒலியை அந்த இடத்தில் உள்ளே விடலாம். கை தேர்ந்த ரேடியோ மெக்கானிக்குக் கால் நாள் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் தாத்தா வைத்திருந்த வானொலி அப்படியே இருக்கும். கைபேசி அதன் சொந்த பேட்டரியில் ஓடட்டும். வானொலியில் வால்வுகள் இருந்தால் உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு, நீங்களே திறக்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பேட்டரி மாற்றியதிலிருந்து செட் "கோட்" என்று மட்டும் காட்டுகிறது. என்ன எண் போட்டாலும் ஏற்கவில்லை.

பதில்: திருட்டைத் தடுக்கச் செட் கேட்கும் ரகசிய எண் அது. எண்களை ஊகித்துப் போடுவதை நிறுத்துங்கள். தவறாகப் போடப்போட அது தன்னைப் பூட்டிக்கொள்ளும். பல செட்டுகளில் சாவியைத் திருப்பிச் செட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டால்தான் அந்தப் பூட்டு விலகும். காரோடு வந்த கையேட்டில் ஓர் அட்டையில் எண் இருக்கும். கையுறைப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டியிருப்பதும் உண்டு. இரண்டிலும் இல்லையென்றால், செட்டைக் கழற்றி அதன் மேல் தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு டீலரிடம் போங்கள்.