எல்லா மூவுக்கும் எட்டு விநாடி

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் மொபைலில் செஸ் விளையாடுகிறான். நேற்று தோற்ற ஆட்டத்தில் எதிராளிக்குத் ‘துல்லியம் 97’ என்று காட்டியது. “கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடிட்டான்” என்று ராத்திரி முழுக்க அழுகை. அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா?
– ஒரு தாய், கரூர்

பதில்: முடியாது அம்மா. ஆடிய மூவ்கள் கம்ப்யூட்டர் சொல்லும் மூவ்களோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. அந்த 97-ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மூவ் மனப்பாடமாக வருபவை. அதன்பின் உங்கள் பையன் ராணியைப் பறிகொடுத்திருந்தால், எதிராளிக்கு எதை ஆடினாலும் நல்ல மூவ்தான். சின்ன ஆட்டங்களில் என் மாணவர்களே 97, 98 எடுக்கிறார்கள்.

முறையாகச் சோதிப்பவர்கள் மனப்பாடப் பகுதியைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியரான கென்னத் ரீகன் இதில் பெரிய பெயர், சர்வதேச மாஸ்டரும்கூட. இன்ன ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ளவர் இப்படிப்பட்ட நிலைகளில் எத்தனை முறை என்ஜின், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரல், சிறந்ததென்று சொல்லும் முதல் மூவையே ஆடுவார் என்று அவர் முன்கூட்டிக் கணக்கிடுவார். ஆடியவர் அதை எவ்வளவு தாண்டினார் என்பதே கேள்வி. ஒரே ஆட்டத்தில் யாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். அதனால் பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சந்தேகம் வலுப்படும்.

எனக்கோ எண்ணைவிட கடிகாரம்தான் அதிகம் சொல்லும். 2020 ஊரடங்கில் என் மாணவர்களுக்குள் ஆன்லைனில் ஒரு போட்டி வைத்தேன். ஒரு பையனின் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எதிராளி அவன் குதிரையை வெட்டுகிறான். சிப்பாயால் திருப்பி வெட்டியே ஆக வேண்டும், யோசிக்க ஒன்றுமில்லை. அதற்கு எட்டு விநாடி. அடுத்து, ராஜாவை ஒரு கட்டம் மூலைக்குத் தள்ளுகிறான். நாலு மூவ் கழித்து பிஷப்பால் வரப்போகும் செக்கை இப்போதே தவிர்க்கிற மூவ் அது. கண்டுபிடிக்க எனக்கே ஐந்து நிமிடம் ஆகும். அவனுக்கு அதே எட்டு விநாடி! பிள்ளைகள் அப்படி ஆட மாட்டார்கள். வெட்டுவதென்றால் விரல் தானாகப் போகும், சிக்கல் வந்தால் உறைந்து போவார்கள்.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, “ராஜாவை ஏன்டா நகர்த்தினே?” என்றேன். “சும்மா சார்” என்றான். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவன் பெயரை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போதும் என்னிடம்தான் வருகிறான், நன்றாக ஆடுகிறான்.

செஸ் தளங்கள் நேரத்தையும் பார்க்கின்றன, ஆட்டத்தின் நடுவே வேறு திரைக்குத் தாவுவதையும் கவனிக்கின்றன. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன் பற்றி 2022 அக்டோபரில் செஸ்.காம் தளம் வெளியிட்ட 72 பக்க அறிக்கையில் இந்தத் திரைத் தாவலும் ஒரு சான்றாக வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் அவர் ஏமாற்றியிருக்கக்கூடும் என்றது அறிக்கை. 12, 16 வயதில் ஏமாற்றியதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். நேரில் ஆடிய ஆட்டங்களில் ஏமாற்றியதாக அந்த அறிக்கையும் நிறுவவில்லை. பழி சொல்வதில் எவ்வளவு நிதானம் வேண்டும், பாருங்கள்.

உங்கள் பையனிடம் புகார் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், மீதியைத் தளம் பார்த்துக்கொள்ளும். எதிராளிக்கு ‘திருடன்’ என்று மட்டும் செய்தி அனுப்ப விடாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பதும் ஒரு குழந்தையாக இருக்கலாம்.

கேள்வி: மகள் ஆன்லைனில் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒன்றிரண்டு மூவ் சொல்கிறேன். என்ஜின் இல்லையே, இது தப்பா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: தப்புதான் சார், ஆள் சொன்னாலும் அது வெளி உதவிதான். 2021 ஜூனில், கொரோனா நிதிக்காக நடந்த ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்தைத் தொழிலதிபர் நிகில் காமத் தோற்கடித்தார். கம்ப்யூட்டர் உதவியோடு, ஆட்டத்தை அலசிக்கொண்டிருந்த ஆட்களின் உதவியும் கிடைத்தது என்று மறுநாள் அவரே சொல்லி மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையைத்தான் நான் ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்றார் ஆனந்த். ஆட்டம் முடியும்வரை அடுத்த அறையில் இருங்கள். முடிந்ததும் மரப்பலகையில் காய்களை அடுக்கி, அவள் தடுமாறிய இடத்தில் நிறுத்தி, என்ன நினைத்தாள் என்று முதலில் அவளையே சொல்லவிடுங்கள்.