ரோசா பார்க்ஸ் ஏறிய பேருந்தில் டாக்டர் ஹூ ஏறியபோது

கேள்வி: 'டாக்டர் ஹூ' தொடரில் ரோசா பார்க்ஸ் வரும் எபிசோடை வைத்து ரசிகர்கள் ஏன் அவ்வளவு அடித்துக்கொண்டார்கள்? வேற்றுக்கிரகவாசி, டைம் டிராவல் என்று போய்க்கொண்டிருந்த தொடருக்குள் நிறவெறி வரலாறு எதற்கு?

பதில்: பார்க்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்பவர் கூட்டாளிகளோடு காலத்தில் பயணம் போகும் வேற்றுக்கிரகவாசி, அவ்வப்போது உருவம் மாறுவார், நடிப்பவரும் மாறுவார். 'ரோசா' 2018 அக்டோபர் 21 அன்று பிபிசியில் வந்தது. முதல் பெண் டாக்டரான ஜோடி விட்டேக்கருக்கு அது மூன்றாவது எபிசோட்தான். எழுதியவர்கள் மலோரி பிளாக்மனும் கிறிஸ் சிப்னாலும். இந்தத் தொடருக்கு எழுதிய முதல் கறுப்பின எழுத்தாளர் பிளாக்மன். பிரிட்டனில் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

டாக்டரும் கூட்டாளிகளும் 1955 நவம்பர் கடைசியில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில் போய் இறங்குகிறார்கள். மறுநாள் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதாக வேண்டும். எதிர்காலத்திலிருந்து வந்த கிராஸ்கோ என்ற குற்றவாளி அதை நடக்கவிடாமல் செய்யப் பார்க்கிறான். சிறையில் அவன் மூளைக்குள் ஒரு கருவியைப் பொருத்திவிட்டதால் யாரையும் கொல்ல முடியாது. அதனால் ஓட்டுநரை மாற்றுவது, பேருந்தைக் கெடுப்பது என்று சில்லறை வேலைகளில் இறங்குகிறான். அவன் கலைத்ததையெல்லாம் நம் ஆட்கள் ஓடி ஓடிச் சரிசெய்கிறார்கள். இவ்வளவுதான் கதை.

இதை வைத்து இரண்டு சண்டைகள் நடந்தன. 'தொடரைப் பாடப்புத்தகம் ஆக்கிவிட்டார்கள், அரசியலைத் திணிக்கிறார்கள்' என்பது முதலாவது. சத்தம் அதில்தான் அதிகம், சரக்கு குறைவு. 1963-இல் இந்தத் தொடர் தொடங்கியபோது டாக்டருடன் பயணம் போன பெரியவர்கள் இருவருமே பள்ளி ஆசிரியர்கள். பார்பரா வரலாறு எடுப்பவர், இயன் அறிவியல் எடுப்பவர். பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கோடு நாலு விஷயமும் தெரியட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். 1964-இல் வந்த அஸ்டெக் கதையில், நரபலியை நிறுத்தியே தீருவேன் என்று பார்பரா கிளம்ப, வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் தடுப்பார். 'ரோசா' பேசுவதும் அதே பழைய சிக்கலைத்தான்.

நிறவெறியும் இந்தத் தொடருக்குப் புதிதல்ல. டாலெக் என்ற வேற்றுக்கிரக எதிரிகள் வரும் 1988-ஆம் ஆண்டுக் கதை ஒன்றில், டாக்டருடன் பயணம் போகும் ஏஸ் என்ற இளம்பெண் 1963-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வீட்டில் தங்குகிறாள். வீட்டுக்காரம்மா அன்பானவர், நன்றாகக் கவனித்துக்கொள்பவர். ஏஸ் ஜன்னல் பக்கம் திரும்பினால், கண்ணாடியில் வைத்த அட்டையில் நிறத்தவர்களுக்கு, அதாவது வெள்ளையர் அல்லாதவர்களுக்கு, இடமில்லை என்று எழுதியிருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் அட்டையையே பார்ப்பாள். பிறகு கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுவாள். அதே கதையில், இரவு நேரத்துத் தேநீர்க்கடையில் வேலை செய்யும் ஒரு கறுப்பர், டாக்டருக்குச் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்ற பேச்சிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு அடிமையாகப் பிடித்துப் போகப்பட்ட தன் முன்னோர் வரைக்கும் இயல்பாகப் பேசிக்கொண்டே போவார். அந்தக் கதையை ரசிகர்கள் இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பாடம் நடத்துகிறார்கள் என்று அதைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்கள் குறைவு. பழசாகிவிட்டால் அரசியல்கூட ருசித்துவிடும்போல!

தொடரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1977-இல் வந்த ஒரு கதையில் சீன வில்லனாக நடித்தவர் முகத்தில் ஒப்பனை போட்ட வெள்ளைக்காரர். 2007-இல் மார்த்தா ஜோன்ஸ் என்ற கறுப்பின மருத்துவ மாணவி ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் இறங்கியதும், என்னை அடிமை என்று பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று கேட்பார். ஊரே உன்னுடையது மாதிரி நட, எனக்கு அது பலிக்கிறது என்பார் டாக்டர். அவருக்குப் பலிக்காமல் என்ன, வெள்ளைக்கார ஆண் முகமாயிற்றே! இதைக் கறுப்பின ரசிகர்கள் பல வருஷம் விடாமல் சொல்லிக்காட்டினார்கள். அதே சீசனில் 1913-ஆம் ஆண்டுப் பள்ளி ஒன்றில் மார்த்தா பணிப்பெண்ணாக இருக்க நேரும். தரை துடைக்கும்போது ஒரு மாணவன், இப்படிப்பட்ட கைகளை வைத்துக்கொண்டு எது சுத்தமானது என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுச் சிரிப்பான். காட்சி அத்துடன் நகர்ந்துவிடும். 2017-இல் பில் என்ற கறுப்பினப் பெண் 1814-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போகும்போது, அவளைக் கேவலமாகப் பேசிய பிரபுவின் முகத்தில் டாக்டர் ஓங்கி ஒரு குத்து விடுவார். ரசிகர்கள் கைதட்டினார்கள், நானும்தான். ஒரு குத்தில் தீர்கிற விஷயமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்து வந்தவர்களுக்கு 'ரோசா' வேறு மாதிரி இருந்தது. ஊருக்குள் வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஒரு வெள்ளைக்காரப் பெண் கையுறையைத் தவறவிடுகிறாள். டாக்டரின் கூட்டாளியான ரயன் என்ற கறுப்பின இளைஞன் அதை எடுத்துக் கொடுக்கப் போகிறான். கூட வந்த கணவன் பளாரென்று அறைந்துவிடுகிறான். டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரோசா பார்க்ஸ்தான் நடுவில் வந்து, அந்த ஆளின் கோட்டுத் தையல் வேலையைப் பற்றிப் பேசி நிலைமையைத் தணிக்கிறார். தணித்துவிட்டு ரயன் பக்கம் திரும்பி, எம்மெட் டில் என்ற பையனுக்கு என்ன ஆனது என்று தெரியாதா என்று கடிந்துகொள்கிறார். 14 வயது டில்லை மிசிசிப்பியில் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டது 1955 ஆகஸ்டில், கதை நடப்பதற்கு மூன்று மாதம் முன்பு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைத் தொடரில் இந்தப் பெயர் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு கூட்டாளியான யாஸ்தான். யாஸ்மின் கான், ஷெஃபீல்டில் பிறந்து வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண், போலீஸ் வேலையில் இருப்பவள். உணவு விடுதியில் அவளை மெக்சிகோக்காரி என்று நினைத்துச் சாப்பாடு தர மறுக்கிறார்கள். பேருந்தில் ஏறினால் எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. ரயன் பின்பக்கம்தான் போக வேண்டும், அதில் சந்தேகமில்லை. நிறத்தவர் என்ற கணக்கில் தானும் உண்டா என்று யாஸ் விழிக்கிறாள். அந்தக் காலத்து அமெரிக்காவைப் பற்றிய கதைகளில் நம்மைப் போன்ற மாநிறத்தவர்களை இப்படி நிறுத்திக் கேட்பது அபூர்வம். தெற்காசிய ரசிகர்கள் பலர் பிடித்துக்கொண்டதும் இந்த இடத்தைத்தான்.

பிறகு ஒரு மோட்டலுக்குப் பின்னால் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே ரயனும் யாஸும் ஒளிந்திருக்கும் காட்சி. 2018-லும் வெள்ளைக்கார நண்பர்களைவிடத் தன்னைத்தான் போலீஸ் அதிகம் நிறுத்துகிறது என்கிறான் ரயன். மசூதியிலிருந்து வீடு திரும்பும் வழியில் கேட்ட வசவைச் சொல்கிறாள் யாஸ். வேற்றுக்கிரகம், ஆயுதம், ஓட்டம் எதுவும் இல்லாத காட்சி இது. பாடம் நடத்துகிறார்கள் என்று திட்டியவர்களும் இதைக் காட்டித்தான் திட்டினார்கள், உருகியவர்களும் இதைக் காட்டித்தான் உருகினார்கள்.

இனி இரண்டாவது சண்டை. இது எபிசோடைப் பிடித்தவர்களுக்குள்ளேயே நடந்தது, அதனால் உருப்படியானது. முதல் புகார் கிராஸ்கோ மேல். நிறவெறி பிடித்தவன் எங்கோ தொலைதூர எதிர்காலத்திலிருந்து வர வேண்டிய அவசியம் என்ன? 1955 மான்ட்கோமரியில் வில்லனுக்கா பஞ்சம்? ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக் இருக்கிறார். முன்வாசல் வழியாக ஏறியதற்காக 1943-லேயே ரோசாவை இறக்கிவிட்டுப் போனவர் அதே ஆள்தான், எபிசோடும் அங்கேதான் தொடங்குகிறது. போலீஸ் இருக்கிறது, சட்டமே இருக்கிறது. இத்தனை பேர் இருக்கும் இடத்தில் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவனைக் கூட்டிவந்தது கதையைப் பலவீனமாக்கிவிட்டது என்றார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவன் எந்தப் பெரிய காரணமும் இல்லாத சாதாரண வெறியன் என்பதுதான் பயமுறுத்துகிறது, அத்தனை நூற்றாண்டு தாண்டியும் இது ஒழியவில்லை என்று பிளாக்மன் சொல்கிறார் என்று வாதாடியவர்களும் உண்டு. மறுக்க முடியாத வாதம். இருந்தாலும் திரையில் அவன் வரும்போதெல்லாம் எனக்கு எப்போது போவான் என்றுதான் இருந்தது.

இரண்டாவது புகார் இன்னும் கனமானது. அன்று அந்தப் பேருந்து ஓடவில்லை என்றால் வரலாறே கவிழ்ந்துவிடுமா? கவிழாது என்று வரலாறு படித்த ரசிகர்கள் வரிசையாகக் காரணம் சொன்னார்கள். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, அதே நகரில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இருக்கையை விட மறுத்துக் கைதாகியிருந்தார். ரோசாவும் சும்மா களைத்துப்போய் உட்கார்ந்த தையற்காரர் அல்ல, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல வருஷம் வேலை செய்தவர். அவர் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரிப் பேராசிரியர் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடிக்க உட்கார்ந்துவிட்டார். அதன்பின் 381 நாள் கறுப்பின மக்கள் பேருந்து ஏறாமல் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். கடைசியில் பேருந்துப் பிரிவினையை உடைத்த வழக்கில் வாதிகள் கோல்வின் உட்பட வேறு நான்கு பெண்கள், ரோசா அதில் இல்லை. இத்தனை பேர் சேர்ந்து இழுத்த தேரை ஒரே ஒரு அச்சாணியில் நிறுத்திவிட்டது எபிசோட் என்பது அவர்கள் வருத்தம். நியாயமானது. ரோசாவின் வீட்டில் மார்ட்டின் லூதர் கிங்கையும் வழக்கறிஞர் ஃப்ரெட் கிரேயையும் ரயன் சந்திக்கும் காட்சியில் இயக்கத்தின் ஒரு ஓரம் தெரிகிறது, ஓரம் மட்டும்தான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, எனக்கு இந்த எபிசோட் ஏன் பிடிக்கும் என்றால், அந்தக் கடைசிப் பேருந்துக் காட்சிக்காகத்தான். மான்ட்கோமரி பேருந்துகளில் முன்னால் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை நிரம்பிவிட்டால், நடுவரிசையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பர்களை எழுந்திருக்கச் சொல்லி ஓட்டுநர் இடத்தை நகர்த்திக்கொள்வார். ஆக ரோசாவை எழுந்திருக்கச் சொல்ல வேண்டுமானால் பேருந்தில் போதுமான வெள்ளையர்கள் இருக்க வேண்டும். கிராஸ்கோ ஆட்களைக் குறைத்துவிட்டதால் கூட்டம் போதவில்லை. டாக்டரும் கிரகாமும் இறங்கக் கூடாது என்று அப்போதுதான் புரிகிறது. கூட்டாளிகளில் வெள்ளைக்காரரான கிரகாம் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், ரயனின் பாட்டி கிரேஸின் கணவர். கறுப்பினப் பெண்ணான அந்த கிரேஸைச் சமீபத்தில்தான் இழந்தவர். 'இதில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று அவர் கெஞ்சுகிறார். உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எந்த இருக்கைக்காக ரோசா எழ வேண்டுமோ, அந்த நெருக்கடியை உண்டாக்கும் வெள்ளைக்காரர்களில் ஒருவராக அவர் உட்கார்ந்திருக்கிறார். உதவி செய்யாமல் இருப்பதுதான் டாக்டரின் வேலை.

டைம் டிராவல் எதற்கு என்று கேட்டீர்களே, இந்தக் காட்சிக்குத்தான். நேரடி வரலாற்றுப் படத்தில் பார்க்கும் நாம் எப்போதும் ரோசாவின் பக்கம் நிற்கிறோம், சுகமாக. இங்கே நமக்குப் பிடித்த நல்லவர்களைத் தூக்கி எதிர்ப்பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து காப்பாற்றும் கதை என்று சிலர் திட்டியதை இந்த ஒரு காரணத்தால்தான் நான் ஏற்பதில்லை. கடைசியில் வழக்கமான டைட்டில் இசையைக்கூடப் போடாமல், பாடகி ஆண்ட்ரா டேயின் பாட்டையே ஓடவிட்டார்கள். அந்தப் பாட்டு ஓவர் என்ற கட்சியும் உண்டு.

அதே சீசனில் மூன்று வாரம் கழித்து வினய் படேல் எழுதிய பஞ்சாப் பிரிவினைக் கதை வந்தது. கிராஸ்கோ மேல் எழுந்த புகாருக்கு அதில் பதில் இருக்கிறது. கொலைகாரர்கள் என்று நாம் நினைக்கும் வேற்றுக்கிரகவாசிகள் தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள், வில்லன் கொல்லப்படுபவனின் சொந்தத் தம்பி. என் கணக்கில் 'ரோசா'வைவிட அது ஒரு படி மேல். அறிவியல் புனைவுக்கான 2019 ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இரண்டுமே இருந்தன.

2025-இல் மறுபடியும் இதைத் தொட்டார்கள். இந்த முறை டாக்டரே கறுப்பர், நடித்தவர் ஷூட்டி கட்வா. உடன் வருபவள் இந்திய வம்சாவளி நர்ஸ் பெலிண்டா. 1952 மயாமியில் இறங்குகிறார்கள். நாம் இங்கே உட்காரவே கூடாது என்று பெலிண்டாவுக்கு உறைக்கிறது. உலகங்களைக் கவிழ்த்த டாக்டரோ, சில சமயம் மக்கள் தாங்களே கவிழ்க்கும்வரை காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு ஜாலியாக இருக்கிறார். கறுப்பர் ஒருவர் அங்கே சந்தோஷமாக இருப்பதே எதிர்ப்புதான் என்று ஒரு கூட்டம், இரண்டு வசனத்தில் தாண்டிவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். மார்த்தாவுக்குச் சொன்ன பழைய பதிலின் வாடை அதில் எனக்கு அடித்தது. இதில் வேடிக்கை, அந்த எபிசோடுக்குள்ளேயே 'டாக்டர் ஹூ' ரசிகர்கள் மூன்று பேர் பாத்திரங்களாக வருகிறார்கள். அவர்களும் எது நல்ல எபிசோட் என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.