சுட்டுத் தள்ள வேண்டியதுதானே?

கேள்வி: போலந்துக்குள்ளும் ருமேனியாவுக்குள்ளும் ரஷ்ய ட்ரோன்கள் சர்வசாதாரணமாக வந்து போகின்றன. உக்ரைன் சண்டையில் இல்லாத நாட்டுக்குள் இப்படி வந்தால் சுட்டுத் தள்ள வேண்டியதுதானே? இரண்டும் சேர்ந்திருக்கிற இத்தனை பெரிய நேட்டோ இராணுவக் கூட்டணி ஏன் பயந்து சாகிறது? இன்னொன்று: எங்கள் தேயிலைத் தோட்டத்து நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்கச் சுற்றுலாக்காரர்கள் விடுகிற ட்ரோன், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலேயும் வருகிறது. பையன்கள் கல்லெறிகிறார்கள். எறியட்டும் என்று விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பொகவந்தலாவை

பதில்: பெயரும் விலாசமும் இல்லாமல் எல்லை தாண்டி வருவது ட்ரோன் மட்டும்தான் என்று இருந்தேன், உங்கள் கடிதமும் அப்படித்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை, சுடாமல் பதில் சொல்கிறேன்.

நேட்டோ சுடவே இல்லை என்று யார் சொன்னது? 2025 செப்டெம்பர் 10 அதிகாலை ஏறத்தாழ இருபது ட்ரோன்கள் போலந்துக்குள் புகுந்தன. போலந்தின் எஃப்-16 போர் விமானங்களும் நெதர்லாந்தின் எஃப்-35 போர் விமானங்களும் எழும்பிச் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. தலைநகர் வார்சோ உட்பட நான்கு விமான நிலையங்கள் மூடிக் கிடந்தன. வந்தவற்றில் பல, கெர்பெரா என்கிற வகை. ஒட்டுப்பலகையும், நாம் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை மாதிரியான பொருளும் வைத்துச் செய்தது. பெரும்பாலும் ரேடாரை ஏமாற்ற விடுவது. விலை பத்தாயிரம் டொலர் அளவில் வரும். அதை அடிக்கப் போகும் ஏவுகணை ஒன்றுக்குப் பல இலட்சம் டொலர்.

கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். போலந்தின் கிழக்கே விரிக்கி என்றொரு கிராமம். அன்று காலை அங்கே ஒரு வீட்டின் கூரை பிய்ந்து கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரஷ்ய ட்ரோன் விழுந்துதான் இப்படி ஆனது என்று உலகமே எழுதியது. ஒரு வாரத்துக்குள் போலந்துப் பத்திரிகை ஒன்றே விஷயத்தைப் போட்டு உடைத்தது. விழுந்தது அவர்களுடைய எஃப்-16 ஏவிய ஏவுகணையாம். குறி தவறி வந்து வீட்டில் இறங்கியிருக்கிறது. வெடிக்காமல் போனது உள்ளே இருந்தவர்களின் அதிர்ஷ்டம். பொறுப்பு முழுவதும் ட்ரோனை அனுப்பியவர்களுடையது என்றார் பிரதமர் டஸ்க். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையை நம் பெரிசுகள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

தென் கொரியாவுக்கு நடந்தது இதைவிடச் சங்கடம். 2022 டிசெம்பர் 26 அன்று வட கொரியாவின் சின்ன ட்ரோன்கள் ஐந்து எல்லை தாண்டின. ஒன்று சியோல் நகரத்துக்கே வந்துவிட்டது. நூறு ரவை சுட்டும் ஒன்றுகூட விழவில்லை. துரத்த எழும்பிய விமானம் ஒன்றுதான் விழுந்தது, விமானிகள் குதித்துத் தப்பினார்கள். அப்புறம் இராணுவம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

சரி, அனுப்புகிறவனுக்கு இதில் என்ன இலாபம்? வேவு பார்க்க வரும் ட்ரோனை வன்னியில் 'வண்டு' என்பார்கள். 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு அங்கே போய்க் குடியேறிய எங்கள் சித்தி குடும்பம், யுத்த காலம் முழுக்க அந்த இரைச்சலுக்குக் கீழேதான் இருந்தது. எல்லாம் முடிந்து சித்தி இங்கே வந்திருந்த நேரம், பக்கத்தில் யாரோ புல் வெட்டும் மெஷினை முடுக்கினார்கள். சித்தி தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு முதலில் வானத்தைத்தான் பார்த்தார். "வண்டு ஒண்ணும் செய்யாதுடா, பாத்துட்டுப் போயிரும். அது போனப்புறம்தான் மத்தது வரும்" என்றார்.

அது யுத்தம். ஆனால் சமாதான காலத்து ட்ரோனுக்கும் வேலை அதேதான், பார்த்துவிட்டுப் போவது. எந்த ரேடார் எப்போது விழித்தது, எந்தத் தளத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் விமானம் எழும்பியது, சுடச் சொல்லும் அதிகாரம் யார் கையில், அவர் எவ்வளவு நேரம் கையைப் பிசைந்தார் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது, ஒரு ரெஜிபோம் துண்டின் செலவில். எது வந்தாலும் சுடு என்கிற உங்கள் யோசனையைக் கேட்டால் அனுப்பியவன் உங்களுக்கு மாலை போடுவான்.

ஆகவே ருமேனியாவைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். சமாதான காலத்தில் ட்ரோனைச் சுட வழி செய்யும் சட்டமே அங்கே 2025 இல்தான் வந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 13 ஒரு ட்ரோன் ஏறக்குறைய 50 நிமிடம் அவர்கள் வானத்தில் சுற்றியது. எஃப்-16 விமானங்கள் பின்னாலேயே போயின. சுட அனுமதி இருந்தும், கீழே என்ன சேதம் வரும் என்று யோசித்து விமானிகள் விட்டுவிட்டார்கள். விரலை விசையிலிருந்து எடுக்கவும் ஒரு நெஞ்சு வேண்டும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். 2023 செப்டெம்பரில் டான்யூப் ஆற்றங்கரையில் பிளௌரு கிராமத்துப் பக்கம் ட்ரோன் துண்டுகள் விழுந்தபோது, அப்படி எதுவுமே விழவில்லை என்று பாதுகாப்பு அமைச்சு அடித்துச் சொன்னது. இரண்டு நாள் கழித்து, ஆமாம், விழுந்திருக்கிறது என்றது. அக்கரையில் உக்ரைனின் இஸ்மாயில் துறைமுகம் அடிபடுவதை வாசலில் நின்று பார்த்த சனங்களிடமா இதை மறைப்பது?

டென்மார்க் வேறு வழி பார்த்தது. 2025 செப்டெம்பர் 22 இரவு கோப்பன்ஹேகன் விமான நிலையம் ட்ரோன்களால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் மூடிக் கிடந்தது. அடுத்த வாரம் ஐரோப்பியத் தலைவர்கள் கூடும் நாட்களில் சிவில் ட்ரோன் எதுவுமே பறக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். கல்யாணப் படம் எடுப்பது எது, வேவு பார்ப்பது எது என்று குழம்ப வேண்டியதில்லை.

சட்டத்தையும் கேட்பீர்கள். 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 8 ஆம் உறுப்புரையிலேயே, விமானி இல்லாத விமானத்தை அனுமதியின்றி இன்னொரு நாட்டின் மேல் பறக்கவிடக் கூடாது என்று இருக்கிறது. 1983 இல் சோவியத் சுட்ட கொரியப் பயணிகள் விமானத்தில் 269 பேர் செத்த பிறகு, பறக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பாவிக்கக் கூடாது என்பதை அடுத்த வருடம் சேர்த்தார்கள். ட்ரோனில் ஆள் இல்லாததால் சுடுகிறவன் கை கொஞ்சம் நீளுகிறது. திருப்பியடிக்கிறவன் கை கொஞ்சம் அடங்குகிறது. 2019 ஜூனில் அமெரிக்காவின் பத்துக் கோடி டொலருக்கு மேல் பெறுமதியான ட்ரோனை ஈரான் வீழ்த்தியபோது, பதிலடிக்கு ஆயத்தமான ட்ரம்ப், 150 பேர் சாவார்கள் என்றதும் ஆளில்லாத ட்ரோனுக்கு அது தகாது என்று நிறுத்திக்கொண்டார்.

நம் நாட்டு வானத்திலும் அனுபவம் இல்லாமலில்லை. 1987 ஜூன் 4 இந்தியாவின் ஐந்து அன்டனோவ் சரக்கு விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருட்களைப் போட்டன. தடுத்தால் பலத்தோடு எதிர்கொள்வோம் என்று டில்லியில் நம் தூதரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். கொழும்பு சுடவில்லை, இறைமை மீறல் என்று கண்டித்தது. பசித்த சனத்துக்குச் சோறு வந்தது என்பது தனி வழக்கு, அதில் நான் சனத்தின் பக்கம். பெரிய அயலவன் தலைக்கு மேலே பறக்கும்போது சிறிய நாட்டின் கையில் கடிதத் தாள்தான் மிஞ்சுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனி உங்கள் பையன்கள். நிறுத்தச் சொல்லுங்கள். லயத்துக்கு மேலேயும் பொம்பளைகள் குளிக்கிற பீலிக்கு மேலேயும் கமரா வருவது அக்கிரமம்தான். நாளையும் நேரத்தையும் குறித்து, ட்ரோனையும் ஆளையும் போனில் படம் எடுத்துப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகட்டும். கல் படாவிட்டால் மரத்துக் குளவிக் கூட்டில் படும், அப்புறம் கொழுந்தெடுக்கும் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பட்டாலோ, லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் சேர்த்துப் போட்ட தகரத்தில் வந்து விழும். விரிக்கி வீட்டுக் கூரைக்காவது ஒரு பிரதமர் வாய் திறந்தார். எங்கள் அம்மா வீட்டுத் தகரத்தில் இருக்கிற ஓர் ஓட்டைக்கு நான் போட்ட மனு, மூன்றாவது மழைக்காலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.