நெல் மூட்டை பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டால்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஓட்டு வீடு, ஒரே கூடம், சம்பா அறுவடை முடிந்து ஐந்து மூட்டை நெல் வந்தால் பிள்ளைகள் படுக்க இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பரணில் ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணே. மூட்டைக்கு 60 கிலோ வைத்தாலும் 300 கிலோ. பழைய மரப் பரண் தாங்காது. அங்கே எப்போதாவது எடுக்கிற பாத்திரங்கள் போதும்.

நம் பக்கத்தில் நெல் கொட்டிவைக்க நிற்கவைக்கும் மரப்பெட்டியான பத்தாயத்தையே படுக்க வைத்துவிடுங்கள். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பலகைப் பெட்டி. ஐந்து மூட்டை நெல்லைக் கொட்டிவிடலாம். மேலே பாயை விரித்தால் கட்டில், பகலில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம். மூடியை மூன்று துண்டாகப் போடச் சொல்லுங்கள்; ஒரே பலகையானால் நெல் எடுக்க ஆளையே எழுப்ப வேண்டும்! நடுவிலும் இரண்டு கால் கட்டாயம். தரையிலிருந்து நாலு விரல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் அடித்தால் நெல் பூசணம் பூத்துப்போகும்.

கொட்டுமுன் நன்றாகக் காயவையுங்கள். கடித்தால் நறுக்கென்று உடையவேண்டும். மொத்தத்தையும் அரைத்து அரிசியாக வைக்காதீர்கள், வண்டு சீக்கிரம் வரும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் சரி.

அப்புறம், வாசல் நிலையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நுழையாது என்றால் பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பொருத்தித் தரும்படி ஆசாரியிடம் சொல்லுங்கள்.